பழைய பேஸ் கிட்டாருக்கு ஏன் இத்தனை மவுசு? வாங்கும் முன் மரத்தையும் பாருங்கள்

திருவனந்தபுரத்தின் 'அவியல்' போன்ற மலையாள ராக் குழுக்களின் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். டிரம்ஸோடு சேர்ந்து நெஞ்சில் அதிர்கிறதே ஒரு ஒலி, அதுதான் பேஸ் கிட்டார். 1950, 60களில் செய்யப்பட்ட சில பேஸ் கிட்டார்கள் இன்று லட்சக்கணக்கில் விலை போகின்றன. அப்படி என்ன இருக்கிறது அதில்?

என்ன புதுமை?

அதுவரை ஆளுயர டபுள் பேஸைத்தான் நின்றபடி வாசிக்க வேண்டும். அதில் ஃப்ரெட் கிடையாது. விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுருதி போச்சு. 1951இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர், தோளில் மாட்டி வாசிக்கும் 'பிரிசிஷன் பேஸ்' கருவியைக் கொண்டுவந்தார். பிரிசிஷன் என்றால் துல்லியம். ஃப்ரெட் இருப்பதால் சுருதி தப்பாது. 1960இல் ஒல்லியான கழுத்தும் இரண்டு பிக்கப்பும் கொண்ட 'ஜாஸ் பேஸ்' வந்தது.

விலை எதில் இருக்கிறது?

1965இல் ஃபெண்டர் நிறுவனத்தை சிபிஎஸ் வாங்கியது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் கிராக்கி அதிகம். இங்கேதான் ஒரு சிக்கல். கழுத்தை நான்கு திருகாணியில் மாட்டியிருப்பதால் எந்தப் பாகத்தையும் சுலபமாக மாற்றிவிடலாம். பழுது பார்க்க வசதி, ஏமாற்றவும் வசதி! அதனால், கழுத்தின் அடியில் எழுதிய தேதி, பிக்கப், பெயிண்ட் எல்லாம் அசல்தானா என்று கழற்றிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பளபளவென்று புது பெயிண்ட் அடித்தால் மதிப்பு கூடாது, குறையும்.

கேரளாவுக்கு என்ன தொடர்பு?

விரல் பலகைக்கு 1959 முதல் பிரேசில் ரோஸ்வுட் வந்தது. அறுபதுகளின் நடுவில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டி மரம்தான். கேரளாவில் தேக்கு, சந்தனம், கருங்காலியோடு ஈட்டியும் அரசுக்குச் சொந்தமான 'ராஜ மரம்'. பட்டா நிலங்களில் மரம் வெட்டுவது பற்றி 2020 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் இருந்து ஓர் அரசாணை வந்தது. அதைக் காட்டி வயநாட்டின் முட்டில் பகுதியில் ஈட்டி மரங்களை வெட்டியது பெரிய வழக்கானது. 2021 பிப்ரவரியில் ஆணை வாபஸ் பெறப்பட்டது.

வாங்கினால் பிரச்சினை வருமா?

மரத்தைப் பொறுத்தது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 1992 முதல் பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கடுமையான தடை உண்டு. அதற்கு முன் செய்த கருவி என்ற சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு விற்றால் பறிமுதல் ஆகலாம். இந்திய ரோஸ்வுட் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆனால், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது.

ஆக, 1960களின் தொடக்கத்துக் கருவி என்று யாராவது விலை சொன்னால் 'அசலா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என்ன மரம், சான்றிதழ் எங்கே?' என்றும் கேளுங்கள். அசலாக இருக்க இருக்க, அது பிரேசில் மரமாக இருக்கும் வாய்ப்பும் அதிகம்.