எண்ணூர் வட்டாரக் கடைமடை நிலங்களில் புதர் வெட்டும் இயந்திரம்

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைச் சேரும் முன் கடைசியாகத் தொட்டுச் செல்லும் நிலங்கள் வெள்ளிவாயல், விச்சூர், எடையஞ்சாவடி, சடையங்குப்பம் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவை. ஒருபுறம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், மறுபுறம் அத்திப்பட்டு அனல் மின் நிலையமும், துறைமுகச் சாலைகளும் சூழ்ந்திருக்க, இடையில் இன்னமும் நெல்லும் காய்கறியும் பயிராகின்றன. இங்குள்ள சிறு விவசாயிக்குப் பெரிய பகை பூச்சியோ நோயோ அல்ல. வடிகாலை அடைத்து நிற்கும் புதரே ஆகும். வடகிழக்குப் பருவமழையில் மேலேயிருந்து வெள்ளம் வரும்போது வாய்க்கால் வழிவிடாவிட்டால் சம்பா நெல் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். 2015ஆம் ஆண்டிலும் 2023 டிசம்பர் புயலிலும் நேர்ந்ததை இப்பகுதியினருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அரிவாளும் கொடுவாளும் கொண்டு புதர் வெட்ட ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆலைகளிலும் சரக்குப் பெட்டக முனையங்களிலும் கிடைக்கும் கூலிக்கு ஈடாக வயல் வேலைக்குக் கொடுக்க ஒரு ஏக்கர் விவசாயியால் இயலாது. ஆகவேதான் புதர் வெட்டும் இயந்திரம் இங்கே பரவி வருகிறது. கடையில் 'பிரஷ் கட்டர்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்கியவர்களில் பலர் ஒரே ஆண்டில் அதை மூலையில் போட்டுவிடுகின்றனர். குறை பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை; எந்தச் செடிக்கு எந்த வெட்டுப்பகுதி, எந்தச் செடியை எப்போது வெட்டுவது என்பது தெரியாமையே காரணம்.

வெட்டுப்பகுதி மூன்று விதம்

நீண்ட குழாயின் ஒரு முனையில் எஞ்சினும் மறு முனையில் சுழலும் வெட்டுப்பகுதியும் அமைந்ததே இக்கருவி. வரப்பிலுள்ள அருகு, கோரை போன்ற மெல்லிய புல்லுக்கு நைலான் நரம்பு போதும். கல்லில் பட்டாலும் நரம்பு தேயுமேயன்றி இயந்திரம் உதைக்காது. சம்பு, நாணல், காட்டாமணக்கு, கட்டைவிரல் பருமனுக்கு உட்பட்ட சீமைக் கருவேல் ஆகியவற்றிற்கு இரண்டு அல்லது மூன்று முனை கொண்ட இரும்புத் தகடு தேவை. அதற்கு மேல் மணிக்கட்டுப் பருமன் வரை வட்ட ரம்பத் தகடு. அதனினும் பருத்த மரத்தை இந்த இயந்திரத்தால் வெட்ட முயல்வது இயந்திரத்துக்கும் கேடு, ஆளுக்கும் கேடு. கோடாரி எதற்கு இருக்கிறது?

நரம்பு அடிக்கடி தீர்கிறதென்று சிலர் அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியையோ சைக்கிள் பிரேக் கம்பியையோ கோத்து ஓட்டுகின்றனர். நிமிடத்திற்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் கம்பி அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். இதை ஒருபோதும் செய்யலாகாது.

தகடு மாட்டும் மறை பெரும்பாலான இயந்திரங்களில் இடது புரி உடையது. வழக்கம்போல் இடப்புறம் திருகிக் கழற்ற முயன்றால் மேலும் இறுகும். வலப்புறம் திருக வேண்டும்.

வெட்டும் முறை

தோள்வாரைப் பூட்டி, தகடு தரைக்குச் சற்று மேலே சமமாகத் தொங்குமாறு கொக்கியின் இடத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சுமை தோளிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும். கை திசை காட்ட மட்டுமே. மேலிருந்து பார்த்தால் தகடு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே வலமிருந்து இடமாக, அரைவட்டமாக வீசி, தகட்டின் இடப்பாகத்தால் வெட்டுவதே முறை. தகட்டின் முன்புற வலப்பாகம் கெட்டியான தண்டில் பட்டால் இயந்திரம் வலப்புறமும் ஆள் பக்கமுமாகத் துள்ளி உதைக்கும். விபத்துகளில் பல இப்படி நேருபவையே.

வெட்டுண்டவை இடப்புறம் விழும். வாய்க்கால் கரையில் வேலை செய்யும்போது வாய்க்கால் வலக்கைப் பக்கம் இருக்குமாறு நடந்தால் வெட்டிய செடி கரைமேல் விழும். மாறி நடந்தால் அத்தனையும் தண்ணீரில் விழுந்து அடுத்த மதகில் அடைத்துக்கொள்ளும். அதை வாரி எடுக்கத் தனியே ஆள் வைக்க நேரிடும்.

பாதி வேகத்தில் ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைப்பதும் தவறு. குறைந்த வேகத்தில் கிளட்ச் வழுக்கிச் சூடேறித் தேய்ந்துவிடும். வெட்டும்போது முழு வேகம், திரும்பும்போது விசையைத் தளர்த்துவது என்பதே சரி. விசையை முற்றும் விட்ட பிறகும் தகடு சுழன்றுகொண்டே இருந்தால் மெதுவேகத் திருகைச் சரிசெய்யாமல் வயலில் இறங்கக் கூடாது.

செடியறிந்து வெட்டல்

சீமைக் கருவேல் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் விதையாக வந்தது. உவர் நிலத்தில் பிற செடிகள் வாடும்போது இது செழிக்கிறது. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய நிலங்கள் இதற்கு வாய்த்த இடமாயின. தரைமட்டத்தில் வெட்டினால் இது சாவதில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழேயுள்ள அடித்தண்டில் உறங்கும் மொட்டுகள் விழித்து, ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். ஆகவே இயந்திரத்தால் மேற்பகுதியைக் கழித்து இடம் உண்டாக்கிக்கொண்டு, மழை பெய்து மண் இளகியதும் அடிக்கட்டையை ஓர் அடி ஆழமாவது தோண்டி எடுத்துவிட வேண்டும். வெட்டுவதோடு நிறுத்துபவர் அடுத்த ஆண்டு இன்னும் அடர்ந்த புதரை வெட்டுவார். காய் பழுத்து உதிரும் முன் வெட்டுவது மற்றொரு முக்கியக் குறிப்பு. ஆடுமாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புகின்றன.

வயலின் நடுவில் இது சரி. வாய்க்கால் கரையில் வேரோடு பிடுங்கினால் கரை இளகி அடுத்த வெள்ளத்தில் உடையும். அங்கே தளிர் வரவர வெட்டிக்கொண்டே, இடையில் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல்லை நட்டு வருவது நலம். வெறுமையாக விட்ட இடத்தைக் கருவேலே மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அதன் தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் ஈர மண்ணில் வேர்விடும். இயந்திரத்தால் நறுக்கி நீரில் விட்டால் ஒரு புதர் நூறு புதராகக் கீழே போய்ச் சேரும். நீர் வற்றிய கோடையில் அடியில் ஒரே வெட்டாக வெட்டி, தண்டுகளைக் கரைக்கு வெளியே உலர்ந்த மேட்டில் காயவிட வேண்டும். ஆட்டுக்கு இது நஞ்சு. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னரே வெட்டவும். கோரையும் அருகும் வெட்டினால் மடியா; அவற்றின் கிழங்கும் தண்டும் மண்ணுக்குள் இருக்கின்றன. வரப்பைச் சுத்தமாக வைத்து எலிக்குப் பதுங்க இடமில்லாமல் செய்யலாம், அவ்வளவே.

நெல் அறுவடைக்கும் இவ்வியந்திரம் பயன்படும். அதற்கென 80 பல் கொண்ட தகடும், கதிரை ஒருபுறமாகச் சாய்க்கும் தடுப்பும் தனியே விற்கின்றன. சிறு பாத்திக்கு ஏற்றது. சாய்ந்த பயிருக்கு ஏற்றதன்று.

தொடக்கூடாத மரம்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நிலங்களில் சீமைக் கருவேலும் அலையாத்தியும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. புதர் என்று எண்ணி அலையாத்தியை வெட்டிவிடுவது பெரும் பிழை. இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அதன் வேரடியில்தான். கழிமுகத்து மீனவர் பிழைப்பு அதில் இருக்கிறது. கரையோர ஒழுங்குமுறை விதிகளின்படி குற்றமும் ஆகும். அடையாளம் காண்பது எளிது. அலையாத்தி இலை தடித்து, அடிப்புறம் சாம்பல் வெண்மையாக இருக்கும். முள் கிடையாது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் போன்ற மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். கருவேலுக்குச் சிறு சிறு இலைகளும் முள்ளும் உண்டு. கன்றுப் பருவத்தில் ஐயம் ஏற்பட்டால் அந்த இடத்தைக் கையால் வெட்டுவதே மேல்.

இப்பகுதிக்கே உரிய ஆபத்துகள்

மற்ற மாவட்டங்களில் புதருக்குள் கல்லும் பாம்பும் இருக்கும். இங்கே இரும்புத் துண்டு, கண்ணாடி, அறுந்த மின்கம்பி, வலைத் துண்டு எல்லாம் உண்டு. வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து போட்டவை இவை. வேலைக்கு முன் ஒருவர் நீண்ட கழியால் புதரைத் தட்டிக்கொண்டே நடந்து பார்க்க வேண்டும். கண்ணாடி விரியனும் விலகும், இரும்பும் தட்டுப்படும். பழைய நைலான் வலை தகட்டின் அச்சில் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, தகடு அசைவற்று நின்ற பிறகே அறுத்தெடுக்கவும். இயங்கும் கருவியிலிருந்து 50 அடிக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. பிள்ளைகளும் ஆடுகளும் உட்பட.

இயக்குபவர் வேட்டி, லுங்கி, தோளில் துண்டு ஆகியவற்றுடன் இறங்கக் கூடாது. முழுக்கால் சட்டை, கெட்டி பூட்ஸ், முகத்தை மறைக்கும் கவசம், காதடைப்பான், கையுறை இவை வேண்டும். வெயில் கண்ணாடி கவசமாகாது. சத்தமும் அதிர்வும் உடனே வலிக்காததால் பலர் பொருட்படுத்துவதில்லை. அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆளை மாற்றிக்கொண்டால் கை மரத்துப் போவதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது நெருப்பு. துறைமுகத்திலிருந்து மணலிக்கு எண்ணெய்க் குழாய்கள் நிலத்தடியில் செல்கின்றன. அவற்றின் வழியை நட்டுவைத்த அடையாளக் கற்களும் பலகைகளும் காட்டும். அவ்வழித்தடத்தில் புல்லைச் செதுக்கலாமா என்பதை நிறுவனத்தாரிடம் கேட்டறிந்தே செய்ய வேண்டும். கருவேல் வேரைத் தோண்டுவது அறவே கூடாது. எஞ்சினின் புகைக்குழாய் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். ஓடிய இயந்திரத்தைக் காய்ந்த புல்மேல் கிடத்துவதும், சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றுவதும் வேண்டாம். வெட்டிய குப்பையைக் கொளுத்துவதும் இவ்வட்டாரத்தில் கூடாத செயல்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை எண்ணெய் பரவியது. கரையோரம் இன்னும் கருமைப் படிவு காணப்படும் இடத்தில் வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

சாம்பலும் உப்புக் காற்றும்

மின் நிலையச் சாம்பல் ஏரி அமைந்த செப்பாக்கம் சுற்றுப்புறத்தில் வறண்ட நாட்களில் இலைமேல் சாம்பல் படிந்திருக்கும். நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகாவும் அலுமினாவும் ஆகும். காற்று வடிகட்டியைத் தாண்டி எஞ்சினுக்குள் இது புகுந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்தது போலச் சிலிண்டரை அரித்துவிடும். பிற ஊர்களில் வாரம் ஒருமுறை வடிகட்டியைச் சுத்தம் செய்வோர் இங்கே வேலை நாள் தோறும் செய்ய வேண்டும். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டவும். காகித வடிகட்டியைத் தட்டி உதறவும், கிழிந்தால் மாற்றவும். வடிகட்டி இல்லாமல் ஐந்து நிமிடம்கூட ஓட்டலாகாது. பனி ஈரம் இருக்கும் காலைப் பொழுதில் வெட்டினால் சாம்பல் எழும்பாது. இயக்குபவர் நுரையீரலுக்கும் அதுவே நல்லது.

இரண்டு வீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோலுடன் 2டி ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று குறிப்பிட்டிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25க்கு 1 என்றால் 40 மி.லி. கண் அளவாக ஊற்றுவது கூடாது. குறைந்தால் எஞ்சின் இறுகும், கூடினால் கரி பிடிக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஆயில் தனியே. பெட்ரோலில் கலக்கக் கூடாது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடலோரத்தில் இது இன்னும் விரைவு. கலவையை மாதக்கணக்கில் வைக்காமல், வேலை முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, தானே அணையும் வரை எஞ்சினை ஓடவிட்டால் கார்புரேட்டர் பிழைக்கும். தகட்டை ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவி வைக்கவும். பற்சக்கரப் பெட்டிக்கு 25 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை கிரீஸ் இடவும்.

எப்போது, எவ்வாறு பெறுவது

வாய்க்கால் வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்து மழை இறங்கிய பின் கரையில் இயந்திரத்துடன் நிற்பது வழுக்கு வேலை. நவரை அறுவடைக்குப் பின் வரும் கோடை, காட்டாமணக்குக்கும் கருவேலுக்கும் உரிய காலம். பொது வாய்க்காலானாலும் புறம்போக்கானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்த பின்பே வெட்டத் தொடங்கவும். கருவேல் விறகுக்கு விலை உண்டு என்பதால் பின்னர் தகராறு எழாமலிருக்க இது உதவும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனித்தனியே வாங்குவதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, இயக்குவதற்கு இருவரைப் பழக்குவது சிக்கனம். ஓடுகையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிபொருள் என்று கணக்கிட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வேளாண்மைப் பொறியியல் துறை வேளாண் இயந்திரமயமாக்கும் திட்டத்தின்கீழ் மானியம் வழங்குகிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதமும், மற்றவர்களுக்கு 40 சதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு. அரசு அங்கீகரித்த பட்டியலிலுள்ள மாதிரிக்கே மானியம் கிடைக்கும். எனவே கடையில் முன்பணம் கொடுக்கும் முன், உழவன் செயலியில் பதிவு செய்து, உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளவும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். களைகளை அடையாளம் காண்பதில் ஐயமிருந்தால் செடியை வேருடன் பிடுங்கி, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்குக் கொண்டு சென்று காட்டலாம்.