கடல் விலகிப்போன மிலேட்டஸ்

ஒன்றல்ல, நான்கு துறைமுகங்கள் இருந்த ஊர் மிலேட்டஸ். துருக்கியின் மேற்கே பாலாத் கிராமத்தை ஒட்டிக் கிடக்கும் இடிபாடுகளில் இன்று கடலைக் காண முடியாது. பதினைந்தாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கின் மேல்படியில் நின்று பார்த்தேன்; சுற்றிலும் பருத்திக் காடுதான். கடல் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுக வாயிலில் காவல் இருந்த பளிங்குச் சிங்கங்கள் ஈர மண்ணில் கிடக்கின்றன.

கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் கிரேக்க உலகின் செல்வச் செழிப்பான நகரங்களில் இதுவும் ஒன்று. இவ்வூர் மாலுமிகள் கருங்கடல் கரையில் சினோப், ஒல்பியா முதலிய ஊர்களை நிறுவினார்கள். உலகம் எதனால் ஆனது என்ற கேள்விக்குத் தெய்வக் கதைகளை விட்டுவிட்டு, நீர் என்று விடை சொன்ன தேலீஸ் இந்த ஊர்க்காரர். அவருக்குப் பின்வந்த அனாக்சிமாண்டர் உலகப் படம் வரைந்தார்.

பாரசீகப் பேரரசை எதிர்த்துக் கி.மு. 499 இல் கிளர்ந்த மிலேட்டஸ், கி.மு. 494 இல் லேட் தீவருகே நடந்த கடற்போருக்குப் பின் வீழ்ந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாயினர். அந்தத் துயரத்தை ஃப்ரினிகஸ் நாடகமாக்கியபோது ஏதென்ஸ் மக்கள் தேம்பி அழுதார்கள். அதை நினைவூட்டியதற்காக அவருக்கு ஆயிரம் திராக்மா அபராதம் விதித்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பாரசீகர்கள் தோற்றுப் பின்வாங்கியதும் ஊர் மறுபடி எழுந்தது. நேர்நேரான தெருக்களுடன் அதைக் கட்டினார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குத் தெருக்களை வகுத்த ஹிப்போடாமஸும் இங்கே பிறந்தவரே.

படையெடுப்பிலிருந்து மீண்ட ஊரை மியாண்டர் ஆறு வென்றது. மேட்டு நிலங்களில் காடு வெட்டி உழுதபோது கரைந்த மண் ஆற்றோடு இறங்கி, மிலேட்டஸ் இருந்த வளைகுடாவில் வண்டலாகப் படிந்தது. முதலில் சிக்கியது உள்ளே இருந்த மியூஸ் என்ற ஊர். அதன் கடல் ஏரியானது. ஏரியில் பெருகிய கொசுக்களுக்கு அஞ்சி மக்கள் தங்கள் சாமி சிலைகளையும் எடுத்துக்கொண்டு மிலேட்டஸுக்கே வந்தார்கள் என்று கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதியிருக்கிறார். அடைக்கலம் கொடுத்த ஊரையும் அதே வண்டல் மூடியது. கடற்போர் நடந்த லேட் தீவு இப்போது வயல்களுக்கு நடுவே ஒரு குன்று.

போர்களுக்கு ஆண்டுக் கணக்கு உண்டு, வரலாற்றில் இடமும் உண்டு. நூற்றாண்டுகளாக ஊறிவந்த வண்டலுக்காக எந்த நகரமும் அழவில்லை. துறைமுக ஊர் எதன் வரலாற்றையும் அதன் ஆறு இறங்கிவரும் மலைச்சரிவிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.