தரையில் நிற்கும் 45 நிமிடம்

வளைகுடா நாட்டிலிருந்து வரும் உறவினரை வரவேற்க விமான நிலையம் சென்று, அதே விமானத்தில் மற்றோர் உறவினரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிய அனுபவம் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு உண்டு. வந்திறங்கிய விமானம் ஒரு மணி நேரத்திற்குச் சற்று முன்பின்னாகவே மறுபடியும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் அதைச் சுற்றி என்னென்ன நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

இஞ்சின் நின்று, உடலின்மேல் மினுங்கும் சிவப்பு விளக்கு அணையும்வரை எவரும் விமானத்தை நெருங்கக் கூடாது. அணைந்ததும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கப்படுகிறது. ஏணியோ, நடைபாலமோ வந்து பொருந்துகிறது. கதவு திறக்கிறது. பயணிகள் இறங்குகின்றனர். அடிவயிற்றுக் கிடங்கிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. உணவு வண்டி, எண்ணெய் வண்டி, குடிநீர் வண்டி, கழிப்பறைக் கழிவை உறிஞ்சும் வண்டி என்று ஒவ்வொன்றாக வருகின்றன. துப்புரவாளர்கள் உள்ளே நுழைகின்றனர். பின்னர் புதுப் பெட்டிகளும் புதுப் பயணிகளும் ஏறவேண்டும், எடைக் கணக்கு விமானியின் கைக்குப் போகவேண்டும், கதவு சாத்தப்படவேண்டும்.

இத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவும் வழியில்லை. உள்ளே ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது இருக்கைகளுக்கிடையே கூட்டிப் பெருக்க முடியுமா? எது எதற்காகக் காத்திருக்கவேண்டும், எது எதனோடு சேர்ந்து நடக்கலாம் என்று முடிவு செய்யவே ஒரு படம் வரைகிறார்கள். மேலே நிமிடங்கள், இடப்புறம் வேலைகளின் பெயர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் நிமிடம் முதல் முடியும் நிமிடம்வரை ஒரு பட்டை. அவ்வளவுதான். விமானங்களைக் கட்டும் போயிங், ஏர்பஸ் நிறுவனங்கள் விமான நிலையங்களுக்கு வழங்கும் திட்ட நூல்களில், ஒவ்வொரு வகை விமானத்திற்கும் இத்தகைய படத்தை அச்சிட்டே தருகின்றன.

இப்படத்திற்குக் கேன்ட் வரைபடம் என்று பெயர். ஹென்றி கேன்ட் (1861–1919) என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் தொழிற்சாலை வேலைகளைக் கண்காணிக்க இதனைப் பரப்பினார். உண்மையில் போலந்து நாட்டின் கரோல் ஆடமியெட்ஸ்கி 1896-லேயே இதை ஒத்த ஒரு படத்தை உருவாக்கியிருந்தார். ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதவில்லை. பெயர் அமெரிக்கருக்குப் போயிற்று! பட்டைகள் ஒன்றையொன்று எப்படிக் கட்டிப்போடுகின்றன என்பதைக் கணக்கிடும் முறை 1950-களின் இறுதியில்தான் வந்தது. 1957-இல் டூபான்ட் இரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் அதனை வகுத்தனர். ‘கிரிட்டிகல் பாத்’, அதாவது நெருக்கடிப் பாதை என்று அது வழங்கலாயிற்று.

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். வலீமா விருந்துக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரிக்கு இது நன்றாகவே தெரியும். இறைச்சி வேகவேண்டும், அரிசி சேரவேண்டும், தம் போடவேண்டும். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாகவேண்டும். தாளிச்சாவுக்குக் காய் நறுக்க இன்னும் நான்கு பேரை உட்கார வைத்தால் சஹன் சீக்கிரம் பரிமாறப்படுமா? படாது. ஆனால் இறைச்சி வருவதற்குக் கால் மணி நேரம் தாமதமானால் விருந்தே கால் மணி நேரம் தள்ளிப்போகும். சில வேலைகளின் தாமதம் முடிவைத் தொடும்; சில வேலைகளின் தாமதம் தொடாது. அந்த இரண்டாம் வகைக்கு இருக்கும் உபரி நிமிடங்களைத் தளர்வு என்பர். தளர்வு சிறிதுமற்ற வேலைகளின் சங்கிலிதான் நெருக்கடிப் பாதை.

விளக்கத்திற்காக நாமே ஒரு கணக்குப் போடுவோம். 180 பேர் அமரும் விமானம். ஒரே கதவு வழியாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 20 பேர் இறங்குவர் என்றும், 12 பேர்தான் ஏறுவர் என்றும் கொள்வோம். (இறங்குவதைவிட ஏறுவது மெதுவாக நடப்பதன் காரணம், தலைக்குமேல் பையைத் திணிக்கப் போராடும் நம்மைப் பார்த்தாலே விளங்கும்!) நடைபாலம் பொருந்திக் கதவு திறக்க 3 நிமிடம், இறங்க 9, துப்புரவும் உணவு மாற்றமும் சேர்ந்து 10, பணியாளர் சரிபார்க்க 2, ஏற 15, தலை எண்ணிக் கதவு சாத்த 4. ஆக 43 நிமிடம். 45 நிமிட அட்டவணையில் இரண்டே நிமிடம் மிச்சம்.

மறுபுறம் பெட்டிகளைப் பாருங்கள். 3-ஆம் நிமிடத்தில் இறக்கத் தொடங்கி 12 நிமிடமும், ஏற்ற 18 நிமிடமும் ஆனால், 33-ஆம் நிமிடத்தில் அவ்வேலை முடிந்துவிடுகிறது. பயணிகள் ஏறி முடிப்பதோ 39-இல். எனவே பெட்டி வேலைக்கு 6 நிமிடம் தளர்வு உண்டு. அங்கே இன்னும் இரு சுமைதூக்குவோரைச் சேர்த்து விரட்டினால் விமானம் ஒரு விநாடிகூட முன்னதாகக் கிளம்பாது. செலவைச் சுருக்குவதாக எண்ணித் துப்புரவாளர் இருவரைக் குறைத்து, 10 நிமிட வேலை 14 ஆனாலோ, விமானம் 47-இல்தான் நகரும். கூலியில் மிச்சம் பிடித்தது புறப்பாட்டில் கரைந்துவிடும். வெறுங்கண்ணுக்கு இரு குழுக்களும் ஒரே மாதிரி வியர்வை சிந்துகின்றன. வேறுபாட்டைப் படம்தான் காட்டுகிறது.

சரி, பின்கதவுக்கும் ஓர் ஏணி வைப்போமே என்பீர்கள். சிக்கன விமான நிறுவனங்கள் பல அவ்வாறே செய்கின்றன. இறங்குவது 5 நிமிடமாகவும், ஏறுவது 8 நிமிடமாகவும் குறைந்தால் 11 நிமிடம் மிச்சமாகி, 32-இல் கிளம்பலாம் என்று தோன்றும். ஆனால் பெட்டிகள் 33-இல்தானே முடிகின்றன? அதற்குப் பிறகு எடைக் கணக்கு முடித்துக் கதவு சாத்த 4 நிமிடம். ஆக 37. பதினொன்றை மிச்சப்படுத்தியும் கிடைத்தது ஆறே. நெருக்கடிப் பாதை பயணிகளை விட்டுப் பெட்டிகளுக்குத் தாவிவிட்டது. இப்போதுதான் அந்த இரு சுமைதூக்குவோரைச் சேர்ப்பதில் பயன் உண்டு.

எண்ணெய் வண்டியின் கதையும் இவ்வாறே. பயணிகள் இறங்கியதும் 12-இல் தொடங்கி 22-இல் முடிந்தால் தொல்லையில்லை. இரண்டு நிமிடத் தளர்வும் உண்டு. வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் 27-இல்தான் முடியும். புறப்பாடு 46-க்குப் போகும். எண்ணெய் நிரம்பும்போதே பயணிகளை ஏற்றலாகாதா? உரிய நிபந்தனைகளோடு ஏற்ற அனுமதி உண்டு. பணியாளர் கதவருகே நிற்கவேண்டும். இருக்கைப் பட்டியைப் பூட்டக் கூடாது. வெளியேறும் வழிகளில் தடை இருக்கக் கூடாது. எண்ணெய் வண்டி தடையின்றி விலகிச் செல்ல வழி இருக்கவேண்டும். இந்நிபந்தனைகள் நிறைவேறாவிடில் அந்த நிமிடங்களை இழப்பதே முறை. குடிநீர் வண்டியும் கழிவு வண்டியும் நிமிடக் கணக்கில் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் அல்ல. ஆயினும் கழிவைக் கையாண்டவர் அதே கையோடு குடிநீர்க் குழாயைத் தொடக் கூடாதென்பது சுகாதார விதி. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி ஒருவரிடமே இரண்டையும் ஒப்படைத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். அருந்துவோர் கதி என்ன? நிமிடங்களை மட்டும் காட்டி இத்தகைய தடைகளைக் காட்டாத படம் அரைகுறைப் படமே என்பது என் கருத்து.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் கதையை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 1971-இல் டெக்சாஸ் மாநில நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கிய அந்நிறுவனம், 1972-இல் பண நெருக்கடியால் தன் நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களின் அட்டவணையை மூன்றைக் கொண்டே நிறைவேற்றத் தீர்மானித்தனர். வானத்தில் வேகத்தைக் கூட்டிச் சாதிக்கக்கூடிய காரியமா இது? தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தனர். நிறுவனம் பிழைத்தது. ஆனால் அக்காலச் சூழலையும் மறந்துவிடக் கூடாது. பயணம் குறுகியது, பயணிகளுக்கு இருக்கை எண் கிடையாது, உணவுத் தட்டுகள் ஏற்றும் வேலையும் இல்லை. நெருக்கடிப் பாதையிலிருந்த பட்டைகளையே அகற்றினார்கள் என்பதுதான் விஷயம். ஆட்களை ஓடவிட்டது மட்டுமன்று.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஹஜ் விமானங்கள். முதற்கட்டத்தில் ஹாஜிகளைச் சுமந்து நிரம்பிச் செல்லும் தனி விமானங்கள் பெரும்பாலும் காலியாகத் திரும்புகின்றன. எனவே ஜித்தாவில் ‘பயணிகள் ஏறுதல்’ என்ற நீண்ட பட்டை படத்திலிருந்தே மறைகிறது. உடனே, இதுவரை ஓரத்திலிருந்த கிடங்கு வேலையும் எண்ணெயும் முன்னுக்கு வருகின்றன. திரும்பும் விமானங்களில் ஸம்ஸம் நீர்க் கலன்களை முன்கூட்டியே ஏற்றி அனுப்பிவைக்கும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. அதற்கும் கிடங்கில் ஒரு பட்டை வேண்டும். சாதாரண நாளுக்கு வரைந்த படத்தை ஹஜ் காலத்தில் அப்படியே சுவரில் மாட்டினால் யாருக்கும் பயனில்லை.

முதியோர் விஷயமும் உண்டு. சக்கர நாற்காலியில் செல்வோர் பொதுவாக முதலில் ஏறி, இறுதியில் இறங்குவர். கடைசி ஹாஜியம்மா இறங்கும்வரை துப்புரவு முடியாது. அவர் நெருக்கடிப் பாதையின் நடுவே அமர்ந்திருக்கிறார். சராசரி 9 நிமிடம் என்று எழுதிவைத்துவிட்டு, அவர் எழுந்திருக்கத் தடுமாறும்போது பணியாளர் கடிகாரத்தைப் பார்ப்பது எவ்வகையில் நியாயம்? பிழை அவரிடம் இல்லை, வரைந்தவரிடம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1958-இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக உருவாக்கிய ‘பெர்ட்’ முறை இதற்கு வழி சொல்கிறது. ஒரு வேலைக்கு ஒரே எண்ணைக் கொள்ளாமல் மூன்றைக் கொள்ளவேண்டும்: மிகக் குறைந்த நேரம், வழக்கமான நேரம், மிகக் கூடிய நேரம். வழக்கமானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்கவேண்டும். முதியோர் மிகுந்த விமானத்தில் இறங்க 8, 14, 26 நிமிடங்கள் என்று மதிப்பிட்டால் விடை 15. ஒன்பதுக்குப் பதில் பதினைந்து. அப்படியானால் நம் 43 நிமிடம் 49 ஆகிறது. 45 நிமிட அட்டவணை அவ்விமானத்திற்குத் தொடக்கத்திலிருந்தே பொய். 55 நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒதுக்காவிட்டால் என்ன? ஒரு விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களைத் தொடுவதுண்டு. காலையில் இழந்த பத்து நிமிடம் இரவுவரை தொடரும். புறப்பாட்டுக்குக் குறித்த வேளை தவறினால் மறு வேளைக்காக ஓடுபாதையருகே காத்துக் கிடக்கவும் நேரும். தாமதங்களைப் பதிவு செய்ய உலக விமான நிறுவனங்கள் ஈரிலக்கக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. துப்புரவுத் தாமதம் 35, எண்ணெய் 36, உணவு 37. வரவேண்டிய விமானமே பிந்தி வந்தால் 93. படம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையின் எண்ணை எழுதத் துடிக்கும். இதனைத் தவிர்க்கவே விமான நிலையம், விமான நிறுவனம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகிய எல்லாத் தரப்பும் ஒரே நேரக் கணக்கைப் பார்க்கும் ஏற்பாடு ஐரோப்பாவில் வந்தது. 2007-இல் ஜெர்மனியின் மியூனிக் நிலையம் அதனை முதன்முதலில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது.

அடுத்த முறை உங்கள் உம்மாவையோ வாப்பாவையோ விமானத்தில் அனுப்பும்போது, சக்கர நாற்காலி தேவையெனில் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகவே நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள். வாயிலில் போய்ச் சொன்னாலும் எப்படியோ கிடைத்துவிடலாம். முன்பே சொன்னால், அவர்கள் சென்று இறங்கும் ஊரில் அன்றைய படத்தில் அவர்களுக்கும் ஒரு பட்டை வரையப்பட்டிருக்கும்; நாற்காலியோடு ஓர் ஆள் கதவருகே வந்து நிற்பார்.