இருபுறம் இணைக்கும் சிறுதுளை

வானொலிப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர், அதனுள் தாமிரக் கோடுகள் படர்ந்த பலகை ஒன்றைக் காணலாம். இதனை அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பர். ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர் பால் ஐஸ்லர், 1936ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனில் இத்தகைய பலகையைக் கொண்டு வானொலி ஒன்றை உருவாக்கினார். இன்று மின்னணுவியலில் நாட்டமுடையோர் இப்பலகையைத் தம் வீட்டிலேயே செய்துகொள்கின்றனர்.

கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த பலகையின்மேல் மெல்லிய தாமிரத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். வேண்டிய கோடுகளை மையால் மூடிப் பெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், மூடப்படாத தாமிரம் கரைந்துவிடும். கோடுகள் மட்டும் எஞ்சும். ஒரே பரப்பில் இரு கோடுகள் குறுக்கிட்டால் மின்னோட்டம் வழிமாறிவிடும். சாலைகள் குறுக்கிடும் இடத்தில் மேம்பாலம் அமைப்பதுபோல, ஒரு கோட்டைப் பலகையின் மறுபுறத்திற்குக் கொண்டு செல்வது இதற்குத் தீர்வாகும்.

துளையிட்டால் மட்டும் இருபுறமும் இணைந்துவிடுமா? இணையா. பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிமனுடைய இப்பலகையின் உட்பகுதி மின்கடத்தாப் பொருளால் ஆனது. எனவே, துளையின் சுவரும் மின்சாரத்தைக் கடத்தாது. தொழிற்சாலைகளில் துளைச்சுவரின்மீது வேதிமுறையில் தாமிரப் படலத்தைப் படியவைத்து, மின்முலாம் பூசி அதனைத் தடிமனாக்குவர். வீட்டில் இம்முறையைக் கையாளுதல் எளிதன்று. அங்கு ஒரு துண்டுக் கம்பியே பாலமாகிறது.

முதலில், இருபுறக் கோடுகளும் துளையிடும் இடங்களில் நேருக்குநேர் பொருந்துமாறு வரைபடங்களை அமைத்தல் வேண்டும். பின்னர்த் துளையிட்டு, மேலுறையற்ற மெல்லிய தாமிரக் கம்பியைச் செருகி, அதன் இரு முனைகளையும் மடக்கிப் பற்றாசு வைத்தல் வேண்டும். மடக்குவதற்குக் காரணம் உண்டு. மறுபுறத்தைப் பற்றவைக்கும்போது, வெப்பம் குறுகிய கம்பியின் வழியே பரவி முதற்புறப் பற்றாசையும் இளக்கிவிடும். மடக்காத கம்பி நழுவக்கூடும். துளையிடும்போது எழும் கண்ணாடி இழைத்தூள் மூச்சில் கலவாதிருக்க முகக்கவசம் அணிதல் இன்றியமையாதது.

மின்தடை போன்ற உறுப்புகளின் கால்களை இருபுறமும் பற்றவைத்து அவற்றையே பாலமாக்கலாம். ஆனால், பலகையோடு ஒட்டி அமரும் உறுப்பின் அடியில் சூட்டுக்கோலின் முனை நுழையாது. அவ்விடத்தில் இணைப்புத் துளையைச் சற்று விலக்கி அமைத்தலே அறிவுடைமை.

உறுப்புகளைப் பொருத்துமுன் ஒவ்வோர் இணைப்பையும் மல்டிமீட்டரால் சோதித்தல் வேண்டும். அதன் முனைகளைப் பற்றாசுத் திரள்களின்மீது வைத்தால், உள்ளிருக்கும் கம்பியின் தொடர்ச்சி மட்டுமே தெரியவரும். கம்பி தாமிரக் கோட்டோடு பற்றியுள்ளதா என்பது தெரியாது. ஆதலால், இருபுறக் கோடுகளின்மீதே முனைகளை வைத்துப் பார்த்தல் வேண்டும். பளபளப்பாகத் தோன்றும் பற்றாசும் உள்ளே பற்றாதிருக்கக்கூடும்.

நாற்பது இணைப்புகளுள் ஒன்று பற்றாவிடினும் வானொலி ஊமையாகிவிடலாம். முழுவதும் பொருத்திய பின்னர் அப்பிழையைத் தேடுவது பெரும்பாடு. முன்னரே சோதிக்கச் செலவிடும் சில நிமிடங்கள் அத்துன்பத்தைத் தவிர்க்கும்.