கண்ணாடி கொண்டு வரலை!

எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வரும் அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணப் பத்திரிகையோ, நோட்டீஸோ எதுவானாலும் என்னிடம் நீட்டி, "கண்ணாடி கொண்டு வரலை பாப்பா, என்னன்னு பாரு" என்பார். நானும் இரண்டு வருடமாகப் படித்துச் சொன்னேன். அவரிடம் கண்ணாடியே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள்!

ஒருநாள் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார். சொந்தக்காரர் ஒருவர், "சாட்சிக்குத்தான்" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிய புரோநோட்டு. படித்ததும் பகீர் என்றது. இருபதாயிரம் ரூபாய் கடன் வாங்கியவரே இந்த அக்கா என்று எழுதியிருந்தது. அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணாடியெல்லாம் இல்ல பாப்பா. எனக்கு எழுத்தே தெரியாது" என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

தென்னூரில், பள்ளிக்கூடங்களுக்கு நடுவே இருந்துகொண்டு இப்படியா என்று தோன்றும். 2011 கணக்கெடுப்புப்படி நம் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 73.44 சதவீதம்தான். அப்படியென்றால் நூற்றுக்கு 26 பேர் பாக்கி!

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கம். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது, கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாராம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களை சைக்கிளும் ஓட்ட வைத்தார். கல் உடைக்கிற பெண்கள்கூடக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வகுப்பு முடிந்தபின் எங்கள் வீட்டில் படிக்க ஒரு துண்டுத் தாள் கிடையாது. வயல், மாடு, நாங்கள் என்று ஓடியதில் அம்மாவுக்கு எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. இன்றைக்குக் கையெழுத்து மட்டும் போடுவார். சைக்கிள் மறக்கவில்லை!

அதனால் அக்காவுக்கு, தினமும் கண்ணில் படுகிற சொல்லாகவே சொல்லித் தருவது என்று முடிவு செய்தேன். பிரேசில் நாட்டில் 1960களில் பாவ்லோ பிரேயரே என்பவர் கூலித் தொழிலாளிகளுக்கு இப்படித்தான், 'செங்கல்' போல அவர்கள் கையில் புழங்கும் சொற்களை வைத்துச் சொல்லித் தந்தாராம். நூலகத்தில் படித்தேன். எனக்கு வாகாக அமைந்தது 'பூ'. ஒரே எழுத்து! முதல் நாளே ஒரு வார்த்தையைப் படித்துவிட்ட சந்தோஷம் அக்காவுக்கு. அடுத்து மல்லி. பிறகு உழவர் சந்தை விலைப் பலகை. காலையில் காய் வாங்கப் போகும்போது ஒரு காயின் பெயரைப் படித்துவிட்டு வர வேண்டும், மாலையில் அதை எழுதிக் காட்ட வேண்டும். கத்தரி, தக்காளி தாண்டியாச்சு.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022ல் தொடங்கிய 'புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்' இருக்கிறது. தன்னார்வலர்கள் சொல்லித் தருகிறார்கள், கடைசியில் பரீட்சையும் உண்டு. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரிக்கலாம். அக்காவைக் கூப்பிட்டேன். "சாயங்காலம்தானே பாப்பா எனக்கு யாவாரம்?" என்று விட்டார். அதுவும் நியாயம்தான். அந்தக் கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டல்லவா இருக்கிறார்!

இப்போது வெங்காயத்தில் வந்து நிற்கிறோம். "காதுக்குப் பின்னால கேக்குற சத்தத்துக்கு, கொம்பை எதுக்கு முன்னால போடணும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்களுக்குக் கொம்பு எழுத்தைச் சுலபமாகச் சொல்லித் தர வழி தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, தென்னூர், திருச்சி.