வெங்காய விலையும் வாக்குச்சாவடியும்

மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் லாசல்காவ் என்னும் ஊரில் நடைபெறும் வெங்காய ஏலத்தை டாக்காவிலும் கோலாலம்பூரிலும் கொழும்பிலும் உள்ள மொத்த வியாபாரிகள் கூர்ந்து கவனிக்கின்றனர். அயல்நாட்டு வாணிபம் என்றவுடன் துறைமுகங்களும் தலைநகரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அது குடியானவனின் களஞ்சியத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து வாக்குச்சாவடி வரை செல்லும் பாதையை இவ்வொரு பயிரைக் கொண்டே அறியலாம்.

வெங்காயத்தின் இயல்பே இதற்கு முதற்காரணம். விலை இரு மடங்கானாலும் சமையலறையில் அதன் தேவை பெரிதும் குறைவதில்லை. எனவே வரத்து சிறிதளவு குறைந்தாலும் விலை பன்மடங்கு தாவுகிறது. சிறிதளவு மிகுந்தால் அடியோடு சரிகிறது. ஆண்டு விளைச்சலில் பெரும்பகுதி கோடைத் தொடக்கத்தில் அறுவடையாகும் ரபி பயிராகும். இதையே மூங்கிற் கொட்டகைகளில் சேமித்து ஐப்பசி வரை நாடு உண்ண வேண்டும். அதற்குள் கால் பங்கோ அதற்கு மேலோ அழுகியும் முளைத்தும் எடை குறைந்தும் வீணாகிறது. காரிப் பயிரை மழை கெடுத்துவிட்டால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை தட்டுப்பாடுதான். பல மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல்கள் இதே பருவத்தை ஒட்டி வருவது தற்செயலே எனினும், விளைவு தற்செயலானதன்று.

1980 ஜனவரியில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் வெங்காய விலை எதிர்க்கட்சியின் முக்கியப் பிரசாரப் பொருளாயிற்று. 1998 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் ஆளுங்கட்சி தோல்வியுற்றபோதும் இவ்விலையேற்றமே பெரிதும் பேசப்பட்டது. அன்று முதல், விலை ஏறத் தொடங்கியவுடன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது எந்த அரசுக்கும் எளிதில் கைக்கெட்டும் கருவியாகிவிட்டது.

2023ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டும். ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் என்னும் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. டிசம்பர் 8 முதல் முழுத்தடை. நகர்ப்புற நுகர்வோர் ஆறுதல் அடைந்தனர். ஆயின் நாசிக் சந்தைகளில் ஏல விலை சரிந்தது. இத்தடை 2024 மார்ச்சுக்குப் பின்னும் நீட்டிக்கப்பட்டு, மே 4 அன்று, 550 டாலர் குறைந்தபட்ச விலையுடனும் 40 சதவீத வரியுடனும் விலக்கப்பட்டது. லாசல்காவ் அடங்கிய திண்டோரி மக்களவைத் தொகுதியில் மே 20 அன்று வாக்குப்பதிவு. மத்திய இணை அமைச்சரே அங்கு தோல்வியைத் தழுவினார்.

வெங்காயம் மட்டுமே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. மாநிலத்தில் இரு பெரும் கட்சிகள் பிளவுபட்டிருந்தன. வேட்பாளர், சமூகம், கூட்டணி ஆகியவையும் வாக்கைத் தீர்மானித்தன. ஆறு மாதங்களுக்குப் பின், 2024 நவம்பரில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் பெரும்பாலான இடங்களை மாநில ஆளுங்கூட்டணியே கைப்பற்றியது. இடையில், செப்டம்பரில், குறைந்தபட்ச விலை நீக்கப்பட்டு வரியும் 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

பொருளியல் நோக்கில் இங்கு ஒரு முரண் உண்டு. நுகர்வோர் எங்கும் பரவியுள்ளனர். விலையேற்றத்தால் ஒவ்வொருவருக்கும் நேரும் இழப்பு சிறிது. வணிக அளவில் பயிரிடுவோரோ சில மாவட்டங்களில் செறிந்துள்ளனர்; ஆண்டு வருவாய் முழுவதும் சில வார விலையைப் பொறுத்துள்ளது. ஆகவே முன்னவரின் குறை நாடெங்கும் மெலிதாகவும், பின்னவரின் குறை சில தொகுதிகளில் கனமாகவும் வெளிப்படுகிறது.

கடலுக்கும் எல்லைக்கும் அப்பாலும் இதன் அதிர்வு உண்டு. 2019 செப்டம்பர் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தபோது பங்களாதேஷில் விலை பன்மடங்கு உயர்ந்தது. அடுத்த சில நாட்களில் டெல்லிக்கு வந்திருந்த அந்நாட்டின் அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா, சமையலில் வெங்காயம் சேர்க்க வேண்டாமெனத் தம் சமையற்காரரிடம் கூறிவிட்டதாக நகைச்சுவையாகச் சொன்னார். முன்னறிவிப்பு இருந்திருக்கலாம் என்பதே அதன் உட்பொருள். நியாயமான குறைதான். வரியைக் காட்டிலும் திடீர்த் தடையே வாணிபத்தைக் கெடுக்கிறது. வரியை வியாபாரி விலையில் சேர்த்துக்கொள்வான், நிச்சயமின்மையைச் சேர்த்துக்கொள்ள இயலாது.

தடைக்கு மாற்றாக அரசு கையிருப்பு உள்ளது. நாஃபெட்டும் தேசியக் கூட்டுறவு நுகர்வோர் இணையமும் ரபி வெங்காயத்தைக் கொள்முதல் செய்து, தட்டுப்பாட்டு மாதங்களில் நகரங்களில் விற்கின்றன. 2024 செப்டம்பரில் கிலோ 35 ரூபாய்க்கு விற்பனை தொடங்கிற்று. அக்டோபரில் லாசல்காவிலிருந்து 1,600 டன் வெங்காயம் ரயில் மூலம் டெல்லியை அடைந்தது. எனினும் சேமிப்பு இழப்பு குறையாதவரை இக்கையிருப்பின் பயன் வரம்புக்குட்பட்டதே.

எஞ்சிய 20 சதவீத வரியும் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. ஆயினும் தடைக்காலத்தில் பாகிஸ்தானையும் சீனாவையும் நாடிய அயல்நாட்டு வியாபாரிகள் அனைவரும் உடனே திரும்பிவிடுவதில்லை. பங்களாதேஷும் தன் சொந்தச் சாகுபடியைப் பெருக்க முனைந்துள்ளது.