ராத்திரிக்கு ஒரு குழு

சென்ற வாரம் டீப் பர்ப்பிளில் நிறுத்தியிருந்தோம். 1968-ல் தொடங்கிய ராக் குழு. கிதார் ரிச்சி பிளாக்மோர் 1993-ல் கோபித்துக்கொண்டு போனார். ஆர்கன் ஜான் லார்ட் 2002-ல் விடைபெற்றார். பாடகர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். எல்லா அணியிலும் உட்கார்ந்திருந்தவர் டிரம்மர் இயான் பெய்ஸ் ஒருவர்தான். ரசிகர்கள் அணிகளுக்கு மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் அப்படி எண் போட ஆரம்பித்தால் ஒரு சீசனுக்கே எண் போதாது. இங்கே ஸ்பெஷல் நாடகத்தில் ராத்திரிக்கு ஒரு குழு.

திருவிழா நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே அம்மன் பெயர், ஊர், தேதி. நடுவில் நாடகத்தின் பெயர். பெரும்பாலும் வள்ளி திருமணம். சுற்றிலும் தலை தலையாகப் படங்கள். ராஜபார்ட் புதுக்கோட்டை, ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் இன்னோர் ஊர். குழுவின் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் குழுவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்வான்ஸ், தனித்தனி சம்பளம், தனித்தனி பஸ். ராத்திரி பத்து மணி மேடையில்தான் ஒன்று சேருகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. விடியும்போது ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடுவார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், எல்லோருக்கும் பாடம் ஒன்று. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் எல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். சுவாமிகள் மதுரையில் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்கள் நடித்த கம்பெனி அது. டி.கே. சண்முகம் சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகளுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு: மகரக்கட்டு. நேற்றுவரை கணீரென்று பாடிய பையனுக்கு ஒருநாள் குரல் உடையும்; அத்தோடு அவன் வேஷம் வேறொருவனுக்குப் போகும். எந்த ராக் குழுவுக்கும் இப்படியொரு சோதனை வந்ததாகத் தெரியவில்லை. சுவாமிகள் 1922-ல் காலமானார். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ல் பிரிந்து தனிக் கம்பெனி கண்டார்கள். முதலாளி, சீன், சாமான், ஐம்பது வயிற்றுச் சாப்பாடு என்று கம்பெனி ஒரு பெரிய பாரம். ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஸ்பெஷல் நாடகத்தில் இறக்கி வைக்க எதுவும் இல்லை. அதன் பெரிய நட்சத்திரங்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட நிரம்பாமல் போய்ச் சேர்ந்தார். இனி ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்று சுந்தராம்பாள் ஒதுங்கினார். லெட் செப்பலினில் டிரம்மர் ஜான் பானம் 1980-ல் இறந்ததும் மற்ற மூவரும் குழுவையே கலைத்தார்கள். வள்ளி திருமணமோ அடுத்த ஊரில் வேறொரு வேலனோடு, வேறொரு வள்ளியோடு நடந்தது.

மேடையில் பிடி முழுக்க ஆர்மோனியக்காரரிடம். முன்பின் பாடிக் கேட்டிராத ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார். அவர் எந்தக் கட்டையில் எடுக்கிறார் என்று முதல் அடி முடிவதற்குள் இவர் கண்டுபிடித்துவிட வேண்டும். மிருதங்கம் அதைக் கேட்டு உள்ளே வரும். பபூன் தொப்பென்று விழுந்தால் அதே நொடியில் ஆல்ரவுண்டிலிருந்து ஒரு அடி விழ வேண்டும். டிரம், சிம்பல் எல்லாவற்றையும் ஒரே ஆள் கவனிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நடுநிசிக்கு மேல் நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் சுவாமிகள் பாட்டிலிருந்து சினிமா மெட்டுக்குத் தாவுவார்கள், அங்கிருந்து திரும்பி வருவார்கள். எப்போது தாவுவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சினிமாப் பாட்டு நுழைந்து நாடகம் கெட்டது என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. தூங்கி விழும் கூட்டத்தை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைப்பது சாதாரண வித்தையா?

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு, அதைக் கலைஞர்தான் கொடுக்கிறார். பங்குனியில் தொடங்கி ஆடிவரை நீளும் சீசன்தான் இவர்களுக்கு வருஷச் சோறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது; கோயில் திருவிழாக்கள் நின்றன; கொடுத்த தேதிகள் எல்லாம் போயின. மறு வருஷம் இரண்டாவது அலையும் சரியாகச் சித்திரை, வைகாசியில் வந்தது. கம்பெனி நடிகர் என்றால் முதலாளி வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம். டீப் பர்ப்பிள்காரர்களுக்கு 1972-ல் போட்ட இசைத்தட்டுக்கு இன்னும் ராயல்டி வருகிறது. ஸ்பெஷல் நாடகத்தில் மேடை ஏறாத ராத்திரிக்குக் காசு இல்லை. கேட்பதற்கு முதலாளியும் இல்லை. மிஞ்சியது நடிகர் சங்கமும் அரசு நிவாரணமும்தான்.

அடுத்த வாரம், கால் ஆர்மோனியம்.

(தொடரும்)